உன் அப்பாவின் பத்து விரல்கள்

மகனுக்கு,

கலியாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் பெயரில் பிழை இல்லை. உன் வருங்கால மாமனாரின் பட்டங்களிலும் பிழை இல்லை. ஒன்றிரண்டு கூடியிருக்கலாம், குறையவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த வேளையில்தான் நேற்று நீ அப்பாவுடன் தொலைபேசியில் பேசினாய். விவாகப் பதிவாளர் முன்னால் உன் பக்கத்துச் சாட்சியாக அவர் கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டாய். அவர், "மாமாவப் போடச் சொல்லு தம்பி" என்று சொல்லி, தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டு, தண்ணீர்த் தாங்கி நிறைந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். நீ என்னிடம் கேட்டாய்: "இன்னுமா அவரு என்ன நம்பலம்மா?" அடுப்பில் பால் பொங்குகிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். நம் வீட்டில் சுடுநீரில் கரைக்கும் பால்மாதான் என்பது உனக்குத் தெரியும். அது பொங்காது என்பதும் தெரியும். ஆகவே இந்தக் கடிதம்.

இதை உனக்கு எழுதினாலும் மற்றவர்களும் படிக்கக்கூடிய விதமாகத்தான் எழுதுகிறேன். அந்தக் காலத்தில் ஊர் முழுக்கக் கூடிப் பேசிய விஷயத்துக்கு இப்போது தனிமை தேவையில்லை. ஒருவரைத் தவிர யாரையும் பெயர் சொல்லவில்லை. படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பெயர்கள் தெரியும். மீதிப் பேர் தெரியும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

உனக்குத் தெரிந்த பகுதியிலிருந்து தொடங்குகிறேன். நாவலப்பிட்டியில் நான் தமிழ் படிப்பித்த பாடசாலைக்கு, வெளிநாட்டிலிருந்த பழைய மாணவர்கள் மடிக்கணினிகள் அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்க உன்னை எடுத்தார்கள், அறையைப் பூட்டும் திறப்பும் உன்னிடம் இருந்தது. திறப்பு விழாவுக்கு ஊரின் படித்த மனிதர்கள் வந்தார்கள். தம்மைப் படித்தவர்களாகக் கருதியவர்களும் வந்ததால் அந்த அறையில் இடம் போதவில்லை. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. போர்த்தப்பட்டவர்களுக்கு வேர்த்தது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. ஜன்னலில் கண்ணாடிப் பலகைகள் படிப்படியாகச் சாய்ந்து நிற்கும் லூவர். அதைத் திறக்கும் கைப்பிடி, இந்த நாட்டின் எல்லா லூவர் கைப்பிடிகளையும் போல, உடைந்திருந்தது. காற்று வேண்டியவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய்க் கண்ணாடிகளைக் கையால் பிடித்துத் திருப்பினார்கள். அதிபர் திருப்பினார். பழைய மாணவர் சங்கத் தலைவர் திருப்பினார். உன் அப்பா திருப்பினார், பக்கத்தில் நின்ற நானும் திருப்பினேன். நீ மட்டும் தொடவில்லை. கண்ணாடி அழுக்காகும் என்று, கோடு போடும் அடிமட்டத்தை நுழைத்துத் திருப்புகிறவன் நீ.

அடுத்து வந்த பௌர்ணமிப் போயா விடுமுறையில் திருடன் வந்தான். கதவை உடைக்கவில்லை. லூவர் கண்ணாடிகளை அவற்றின் தகடுகளிலிருந்து ஒவ்வொன்றாக உருவியெடுத்து, ஒன்றையும் கீறாமல் சுவரோரம் அழகாக அடுக்கிவைத்துவிட்டு, உள்ளே நுழைந்து மடிக்கணினிகளைக் கொண்டுபோனான். ஊர் அந்த அடுக்கைப் பார்த்தது. இவ்வளவு ஒழுங்காக அடுக்கக்கூடிய பிள்ளை இந்த வட்டாரத்தில் யார் என்று யோசித்தது. திறப்பு வைத்திருப்பவன் எதற்காக ஜன்னல் வழியாகப் போகவேண்டும் என்று நான் ஆசிரியர் அறையில் கேட்டேன். திறப்பு இல்லாதவன் செய்ததாகக் காட்டத்தான் என்றார்கள். கதவு வழியாகப் போயிருந்தாலும் நீதான், ஜன்னல் வழியாகப் போனாலும் நீதான். இப்படியொரு தர்க்கத்துக்கு எதிராக வாதாட எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்றுத் தருவதில்லை.

பொலிஸார் வந்து கண்ணாடிகளில் கறுப்புப் பொடி தூவி விரலடையாளங்களை எடுத்தார்கள். உன் விரல்களையும் மையில் உருட்டிப் பதிந்துகொண்டார்கள். அங்கே நின்ற ஓர் உத்தியோகத்தர், மங்கலான ஓர் அடையாளத்தைப் பார்த்து, "இது அந்தத் தம்பி கை மாதிரித்தானே" என்று சொன்னாராம். அவர் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அல்ல, பக்கத்தில் நின்றவர். பாடசாலை வாசலைத் தாண்டும்போது "மாதிரி" இருந்தது. பஸ் நிலையத்தை அடைந்தபோது "அதேதான்" ஆகியிருந்தது. உன்னை வரவேண்டாம் என்றார்கள். பிறகு அந்த மாலை, உன் மாமா மூச்சு வாங்க வந்தான். "மச்சான், ஸ்கூல்ல கூட்டம் வச்சிருக்காங்க. நம்ம புள்ள செஞ்சிருக்க மாட்டான்னு நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. போஸ்ட்மாஸ்டர் சொன்னா கேப்பாங்க" என்றான். அப்பா, "நா சொல்லி என்ன? பாக்குறவங்க பாத்துட்டு சொல்லட்டும்" என்றார். நீ உள்ளறையில் இருந்தாய். மறுநாள் காலை பஸ்ஸில் குண்டசாலைக்கு, சின்னம்மா வீட்டுக்குப் போனாய். அதன் பிறகு விருந்தாளியாகத்தான் வந்தாய்.

உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வழக்கு உன்னை விட்டுவிட்டது என்பது தெரியும். எப்படி விட்டது என்பது தெரியாது. சொல்லவேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டார். இந்த வயதில் அவர் கேட்டுக்கொள்ளாத காரியங்களையும் நான் செய்யலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

உன் மாமாவுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: இலங்கையில் நடக்காத காரியம் இல்லை, ஆள் தெரிந்திருந்தால் போதும். அவன் விசாரித்ததில், விரலடையாளங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பிரிவில் ரியாஸ் என்று ஒருவர் இருப்பதாகவும், அவர் கெலிஓயாவில் என்னிடம் படித்தவர் என்றும் தெரியவந்தது. எனக்குச் சொல்லாமலேயே ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டான். திரும்பி வந்து, மஸ்கட்டை மேசையில் வைத்து, "அக்கா, நீ படிப்பிச்ச புள்ளைங்களுக்கு நன்றின்னு ஒன்னு கெடையாது" என்றான். ரியாஸ் சொன்னதை அவன் கோபத்தோடு ஒப்புவித்ததால் எனக்கு ஒரு சொல்லும் தவறாமல் கிடைத்தது: "டீச்சர்ட மகன்டு தெரிஞ்சதாலதான் அண்ணே நான் அந்த பைலத் தொடல்ல. நான் பாத்தா என்ட கண்ணு அவரக் காப்பாத்தப் பாக்கும். இல்லாட்டிக் காப்பாத்தப்படாதெண்டு வேணுமெண்டே எறுக்கிப் பாக்கும். ரெண்டும் பிழை. உங்களத் தெரியாத ஒராள்ட்டக் குடுத்தீக்கிறன். அவருக்கு நீங்க வெறும் நம்பர்."

நாங்கள் அன்று அந்த மஸ்கட்டைச் சாப்பிட்டோம். நான் பாதித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். தெரிந்த ஒருவர் இருந்தும் தெரியாத ஒருவர் கையில் போய்விட்டாயே என்றுதான் எனக்கும் இருந்தது. அப்பா மட்டும் இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டு, "அவன் ஒழுங்கா படிச்சிருக்கான்" என்றார்.

முதல் அறிக்கை வந்தது. கண்ணாடிகளில் இருந்த தெளிவான அடையாளங்கள் எதுவும் உன்னுடையவை அல்ல. அந்த மங்கலான அடையாளத்தைப் பற்றி, உன்னுடையது என்றும் சொல்ல முடியாது, அல்ல என்றும் சொல்ல முடியாது. இதைக் கேட்டு நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். ஊர் வேறு விதமாக வாசித்தது. தெளிவானவை உன்னுடையவை அல்ல என்றால் கூட்டாளி இருக்கிறான். மங்கலானதைச் சொல்ல முடியாது என்றால் நீதான். ஆகவே பொலிஸார் முறைப்படி செய்யவேண்டியதைச் செய்தார்கள். நியாயமான காரணத்துக்காக அந்தக் கண்ணாடிகளைத் தொட்டவர்கள் எல்லாரும் தங்கள் விரல்களைத் தரவேண்டும். அவர்களுடையவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது திருடனுடையது.

இங்கேதான், மகனே, நம் சமூகத்துக்கே உரிய ஒரு தடங்கல் வந்தது. அந்த ஊரில் ஒவ்வொரு குடும்பத்திலும் தேயிலைத் தோட்டத்தில் பெருவிரல் வைத்துப் பேர் பதிந்த ஒரு தாத்தா இருக்கிறார். அந்தப் பெருவிரலிலிருந்து பேனைக்கு வந்து சேர இரண்டு மூன்று தலைமுறை பிடித்திருக்கிறது. கைநாட்டு என்பது எங்களிடையே ஒரு வசவு. ஆசிரியர் அறையில் மைப் பலகையையும் உருளையையும் விரித்துவைத்துக்கொண்டு பொலிஸ் உத்தியோகத்தர் காத்திருந்தார். படித்தவர்கள் எல்லாரும் சுவரோடு சுவராக நின்றார்கள்.

"நான் எம்.எட். முடிச்சவன். என்னையப் போயி கைநாட்டு வைக்கச் சொல்றீங்களா?" என்றார் அதிபர்.

"சேர், இது கைநாட்டு இல்ல சேர். செக் பண்ண மட்டும்" என்றார் உத்தியோகத்தர், பாவம்.

"எங்க தாத்தாவோட போச்சுங்க அந்த வேல" என்றார் சங்கத் தலைவர். "வேணும்னா கையெழுத்து போட்டுத் தாறேன். எத்தன வேணும்?"

அவர் உண்மையிலேயே பேனையை எடுத்தார். பேனையால் கண்ணாடியைத் தொடவில்லையே என்று உத்தியோகத்தர் சொல்லவில்லை. அவருக்கு இன்னும் பல வருடச் சேவைக்காலம் இருந்தது. அப்போது உன் அப்பா எழுந்தார். தபாலகத்தில் இருந்த காலம் முழுக்க அவர் கையெழுத்தைப் பார்க்கவென்றே வந்தவர்கள் உண்டு என்பது உனக்குத் தெரியும். முதலெழுத்தில் ஒரு சுழி, கடைசி எழுத்தின் வாலில் நானுஓயாவுக்கு ஏறும் ரயில் பாதையைப் போல வளைந்து போகும் ஒரு கோடு. அவருடைய அப்பாவின் பெருவிரலுக்கு அவர் கொடுத்த பதில் அது. அந்த மனிதர் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். சட்டைக் கையை மடித்தார். மேசைக்குப் போய், "மொதல்ல என்னோடத எடுங்க. பத்தும் எடுங்க" என்றார்.

"நீங்க ஏங்க? நீங்க பையனோட தகப்பன்" என்றார் அதிபர்.

"தகப்பன்தான் சேர். நா வைக்காட்டி நீங்க ஏன் வைக்கணும்?"

உத்தியோகத்தர் ஒவ்வொரு விரலாக உருட்டினார். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காது சிவந்திருந்ததை நான் மட்டும் பார்த்தேன். அடுத்து நான் வைத்தேன். கணவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்பது என் தலைமுறைக்குப் பழக்கம். மூன்றாவதாகச் சங்கத் தலைவர் பேனையைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு வைக்காமல் இருப்பதுதான் வெட்கம் என்று ஆகிவிட்டது. கடைசியாக அதிபர். மறுநாள் காலைக் கூட்டத்தில் அவர் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார்.

இரண்டாவது அறிக்கை வந்தது. ஒரு கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் மிகத் தெளிவாக விழுந்திருந்த இடக்கைப் பெருவிரல், யாருடையது என்று சந்தேகமில்லாமல் சொல்லப்பட்டிருந்தது. உன் அப்பாவுடையது.

அந்தச் சில நாட்களை நான் விவரிக்கமாட்டேன். "அப்பனும் மகனும் சேந்து" என்று தொடங்கும் வாக்கியங்கள் எத்தனை விதமாக முடியக்கூடும் என்பதை நீயே கற்பனை செய். உன் மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்து, "மச்சான், வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லுங்கன்னா சொல்ல மாட்டேன்னீங்க. கேக்காத வெரல மட்டும் ஓடிப்போயிக் குடுத்தீங்க" என்றான். அப்பா சொன்னார்: "நா தொட்டேன்டா. தொட்டதாலதான் குடுத்தேன். அது எங்கையின்னு வரலைன்னாத்தான் நா பயந்திருப்பேன்."

அவர் சரியாகச் சொன்னார். ஒரு விரலடையாளம் யார் தொட்டார் என்று சொல்லும். எப்போது என்று சொல்லாது, எதற்கு என்று சொல்லாது. அவர் தொட்டதை ஒரு பொன்னாடைக் கூட்டமே பார்த்திருந்தது. அறிக்கையின் அடுத்த பகுதிதான் முக்கியம். லூவர் கண்ணாடியின் இரண்டு ஓரங்களும் அலுமினியத் தகட்டுக்குள் செருகியிருக்கும். அந்த மறைந்த ஓரத்தில், கண்ணாடியைத் தகட்டிலிருந்து உருவியெடுத்த பிறகுதான் எவருடைய விரலும் படமுடியும். அங்கே ஒரு பெருவிரலின் பாதி இருந்தது. அது உன்னுடையது அல்ல. அப்பாவுடையது அல்ல. என்னுடையது அல்ல, அதிபருடையது அல்ல, சங்கத் தலைவருடையது அல்ல. எல்லாரும் விரல் தந்திருந்ததால் "அல்ல" என்று எல்லாரைப் பற்றியும் சொல்ல முடிந்தது. யாரோ ஒரு வெளியாள். பல மாதங்களுக்குப் பிறகு, எங்கோ வேறொரு திருட்டில் பிடிபட்ட ஒருவனுடைய விரலோடு அது பொருந்தியது. மடிக்கணினிகள் திரும்பி வரவில்லை. லூவர் கைப்பிடியையும் இன்றுவரை மாற்றவில்லை. ஆனால் உன் பெயர் உன்னிடம் திரும்பி வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு ரியாஸ் ஒருநாள் நம் வீட்டுக்கு வந்தார். "இப்ப வரலாம் டீச்சர், இப்ப நான் உங்கட பிள்ளைதான்" என்றார். வாழைப்பழமும் பால்தேத்தண்ணீரும் வைத்துவிட்டு நான் அவரிடம் கேட்டேன், எப்படித்தான் பார்க்கிறீர்கள் என்று. அவர் சொன்னதை உனக்கு எழுதுகிறேன். கலியாணம் கட்டப்போகிறவனுக்கு என் புத்திமதிகளைவிட அது உதவும்.

இரண்டு அடையாளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆறு வித்தியாசம் தேடுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. முதலில், திருட்டு நடந்த இடத்தில் கிடைத்ததைத் தனியாகப் பார்ப்பார்கள். சந்தேக ஆளின் விரலைக் கண்ணில் காட்டிக்கொள்வதே இல்லை. கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, சுழியா வளையமா வில்லா. எந்தக் கோடு எங்கே நின்றுபோகிறது, எது இரண்டாகப் பிரிகிறது, எங்கே வெறும் புள்ளி. நன்றாக விழுந்திருந்தால் வியர்வைத் துளைகள் வரைக்கும். எதை நம்பலாம், எது மையோ பொடியோ செய்த கோலம் என்று குறித்துவைத்துக்கொண்ட பிறகுதான் மற்றதைத் திறப்பார்கள். "மொதல்லயே ரெண்டையும் சேத்து வெச்சிட்டா, இதுல ஈக்கிறதக் கண்ணு அதுலயும் தேடும் டீச்சர். தேடினாக் கெடைக்கும். அதான் பயம்" என்றார். எனக்கு உடனே புரிந்தது. விடைத்தாள் திருத்தும்போது முதல் பக்கத்துப் பெயரை மடித்துவைக்காத ஆசிரியர்களை எனக்குத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளையின் பிழை அவர்களுக்குக் கைத்தவறாகத் தெரியும். மற்றப் பிள்ளையின் சரியான விடை பார்த்து எழுதியதாகத் தெரியும்.

நம் குடும்பம் வேறு முறையைப் பின்பற்றுகிறது. நீ பிறந்த மறுநாளே உன் பெரியத்தை வந்து பார்த்து, மூக்கு அப்பாவுடையது என்று முடிவு சொல்லிவிட்டார். இரண்டாவது அத்தை அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, பார்த்து, உறுதிப்படுத்தினார். ரியாஸின் அலுவலகத்தில் இரண்டாவது ஆள் பார்க்கும்போது முதல் ஆள் சொன்னது தெரியாமல் இருப்பது நல்லது என்கிறார்கள். அத்தைகளுக்கு அது சரிப்படாது. முதல் ஆள் சொன்னது தெரியாவிட்டால் அவர்கள் வருவதே இல்லை.

ஜாதகத்திலும் இதே வித்தியாசம். பத்துப் பொருத்தத்தில் ஆறு இருந்தால் போதும், மீதிக்குப் பரிகாரம் உண்டு என்பார் நம் சோதிடர். உன் ஜாதகத்துக்கும் அப்படித்தான் செய்தோம், எனக்கு மருமகளைப் பிடித்திருந்ததால் பரிகாரம் மலிவாகவே முடிந்தது. விரலடையாளத்தில் பரிகாரம் கிடையாது. தோல் மெத்தென்றது, அழுத்தினால் கோடு தடிக்கும், வழுக்கினால் இழுபடும். அப்படிக் காரணம் சொல்லக்கூடிய வித்தியாசங்களை ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் காரணமே சொல்ல முடியாத ஒரேயொரு வித்தியாசம் உண்மையாகவே இருந்துவிட்டால், எத்தனை புள்ளிகள் ஒத்துப்போனாலும் அது அந்த ஆள் அல்ல. அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருப்பதுதான் அந்தத் தொழிலில் பாவம்.

முடிவு மூன்று விதம். இன்னாருடையது. இன்னாருடையது அல்ல. மூன்றாவதைச் சொல்லும்போது ரியாஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "சொல்ல ஏலா. அதச் சொல்றதுதான் டீச்சர் கஷ்டம். வெளில நிக்கிறவனுக்கு ஆள் வேணும். மேல ஈக்கிறவருக்கு ஆள் வேணும். உங்கட மகன்ட கேஸ்ல அந்த மங்கின அடையாளத்த 'அவர்டதான்'டு சொல்லீந்தா எல்லாரும் சந்தோசமா வீட்டுக்குப் போயீப்பாங்க."

நான் அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எங்கோ ஒரு மேசையில் ஒரு மனிதரோ மனுஷியோ, உருப்பெருக்கிக்கு மேல் குனிந்து, தன்னால் சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்று எழுதினார். உன் குணம் அவருக்குத் தெரியாது. நீ நல்ல பிள்ளை என்று தெரியாது. நான் அழுதது தெரியாது. நம்மைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ளாமல் இருந்ததாலேயே நமக்கு இவ்வளவு பெரிய நன்மையைச் செய்த அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நம்மை நன்கு அறிந்தவர்கள் நமக்குச் செய்ததோடு ஒப்பிட்டால், அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்தேன். அந்த மனிதர் எந்த மதமோ, பிள்ளையார் பொருட்படுத்தமாட்டார்.

கலியாணத்துக்கு என் புத்திமதியும் இதுதான். உன் மனைவி ஒருநாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பாள். உடனே போன மாதத்து முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதே. இன்றைய முகத்தைத் தனியாகப் பார். என்ன காரணம் என்று தெரியாவிட்டால் தெரியாது என்று வைத்துக்கொள். முக்கியமாக, உன் அத்தைகளிடம் உறுதிப்படுத்தக் கொடுக்காதே.

இனி உன் கேள்வி. அந்த நாட்களில் ஒருமுறை நான் அப்பாவிடம் சண்டை பிடித்தேன். "ஒரே ஒரு வார்த்த. எம்புள்ள செஞ்சிருக்க மாட்டான்னு. வாயில முத்தா உதுந்திரும்?" என்று கேட்டேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: "எல்லா அப்பனும் அதத்தான் சொல்லுவான். திருடனோட அப்பனும் சொல்லுவான். நா சொன்னா அது அவனுக்கு சாட்சியா? பாக்குறவங்க பாத்தா அவன் இல்லைன்னுதான் வரும். எனக்கு அது தெரியும். தெரியாதவன்தான் பாக்க வேணாம்பான்." பார்க்கட்டும் என்று அவர் சொன்னது சந்தேகத்தில் அல்ல, மகனே. பார்த்தால் என்ன வரும் என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம். அந்த ஊரிலேயே அந்த அறிக்கைக்குப் பயப்படாதவர் அவர் ஒருவர்தான். உன்னிடம் வந்து இதை அவர் சொல்லியிருக்கலாம். தபாலகத்தில் காலம் முழுக்க மற்றவர்களுடைய செய்திகளைக் கொண்டுசேர்த்தவருக்குத் தன்னுடையதைக் கொண்டுசேர்க்கத் தெரியவில்லை.

அப்படியானால் ஏன் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார்? ஏனென்றால் அவருக்கு இப்போது கையெழுத்து இல்லை. வலக்கை நடுங்குகிறது. கண்டியில் டொக்டரிடம் காட்டி மருந்து எடுக்கிறோம். நடுக்கம் மருந்தைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று சொல்ல முடியாது. நீ வரும் நாட்களில் அவர் கோப்பையில் பாதிதான் தேத்தண்ணீர் ஊற்றச் சொல்வதையும், பத்திரிகையை மேசையில் விரித்துவைத்து வாசிப்பதையும் நீ கவனிக்கவில்லை. வங்கியில் அவருடைய கையெழுத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்த பெண்பிள்ளை பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மிக மரியாதையாக, "அங்கிள், இது ஒங்களோடது இல்லையே" என்றது. நீ தொலைபேசியில் கேட்டதற்கு முன்பே, நீ கேட்பாய் என்று எதிர்பார்த்து, பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கிழமைக்கணக்காக எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். அந்த வால் வரவே இல்லை. கோடு தண்டவாளத்தை விட்டு இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

மாமாவை விட்டுப் பதிவாளரிடம் விசாரித்தேன். கை நடுங்குகிற சாட்சி பெருவிரல் வைக்கலாமாம். இன்று காலை அதை அப்பாவிடம் சொன்னேன். "பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி கைநாட்டா?" என்றார்.

"அன்னைக்கு ஊரு முன்னாடி பத்தும் வச்சீங்க."

"அன்னைக்கு அவனுக்குத் தேவப்பட்டுச்சு."

"இப்ப?"

"இப்ப அவனுக்கு மாமா இருக்கானே" என்றார். பிறகு வாசல்வரை போய்த் திரும்பி, "அவன் கேட்டது கையெழுத்துதான?" என்றார்.

ஆகவே தொலைபேசியில் கேட்காதே. சனிக்கிழமை புறப்பட்டு வா. நம் சம்பந்தி வீட்டாரைப் பற்றியும் மண்டபத்தைப் பற்றியும் பேசிவிட்டு, கையெழுத்து என்ற சொல்லை எடுக்காமல், "அப்பா, ஒங்க வெரல் வேணும்" என்று கேள். அவர் உன்னைத் திட்டுவார், திட்டி முடியும்வரை நில். பதிவன்று அவர் கையை வேறு யாரிடமும் விடாதே, நீயே பிடி. ரியாஸிடம் கேட்டுவைத்திருக்கிறேன்: வைக்கிறவர் தானாக அழுத்தினால் கோடுகள் கலங்கிவிடும், மணிக்கட்டைத் தாங்கி, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே உருட்டாக, நீதான் உருட்டவேண்டும். நடுங்குகிற கையை இன்னொரு கை பிடித்தால் அந்த நேரத்துக்கு அடங்கும் என்றும் சொன்னார். மை துடைக்கத் துணி நான் கொண்டுவருகிறேன். அவர் உடனே துடைக்க விடுவார் என்று நினைக்காதே.

அம்மா